வானம் பார்த்த பதில்கள்: பாதி வழியில் திரும்பிய விமானம்

(விமானம், வானிலை பற்றிய வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர் வேலூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற விமானப் பயிற்சியாளர்.)

கேள்வி: ஐயா, என் அண்ணன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறார். ஆசைக்காக விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, மூன்று வருடமாகத் தனியார் விமானி லைசென்ஸ் வைத்திருக்கிறார். போன ஆகஸ்ட்டில் அப்பாவுக்கு அறுபது முடிந்தது. திருக்கடையூர் போய்வந்த கையோடு, "நைனா, உன்னை மேலே கூட்டிட்டுப் போய் நம்ம வீட்டையும் பாலாற்றையும் காட்டுறேன்" என்று அண்ணன் சொன்னார். நாலு பேர் உட்காரும் செஸ்னா ஒன்றை வாடகைக்கு எடுத்தார். காலை எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டியது. பெங்களூரில் மேகம் தாழ்வாக மூடியிருந்ததால் மதியம் இரண்டரைக்குத்தான் கிளம்ப முடிந்தது. குடியாத்தத்தில் நாங்கள் முப்பது பேர் மொட்டை மாடியில் காத்திருந்தோம். அடையாளம் தெரியட்டும் என்று மாமா சிவப்புப் புடவை ஒன்றைக் கட்டிவைத்திருந்தார். கோலார் தங்கவயல் தாண்டியதும், "எதிரே மேகம் திரண்டுவிட்டது" என்று அண்ணன் திரும்பிவிட்டார். இங்கே எங்களுக்கு ஒரு தூறல்கூட இல்லை, நல்ல வெயில். அப்பாவுக்கு மனசே விட்டுப்போச்சு. சொந்தக்காரர்கள் இன்னும் கேலி பேசுகிறார்கள். அண்ணன் அதற்குப் பிறகு விமானத்தைத் தொடவே இல்லை. அவர் செய்தது சரியா?
— ஒரு தங்கை, குடியாத்தம்

பதில்: சரிதான் அம்மா. உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் என் மனதில் வந்த முதல் வார்த்தை அதுதான். உங்கள் அண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் யாரோ, அவரும் நன்றாகவே சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

வீட்டில் வெயில் அடித்ததுதான் உங்கள் எல்லோரையும் குழப்புகிறது என்று நினைக்கிறேன். அதனால் அதை முதலில் பார்த்துவிடலாம். தங்கவயலிலிருந்து குடியாத்தம் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 65 கிலோமீட்டர். செஸ்னாவுக்கு அது இருபது நிமிடம். ஆனால் அந்த இருபது நிமிடத்துக்கு நடுவில்தான் மலை விளிம்பு இருக்கிறது. கோலார் பக்கத்து மேட்டுநிலம் கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேலே. பேர்ணாம்பட்டு தாண்டி நம் பள்ளத்தாக்குக்கு வந்தால் 300 மீட்டர்தான் இருக்கும். ஆகஸ்ட் மாதம் மதியத்துக்கு மேல் வெயிலில் காய்ந்த காற்று அந்த விளிம்பில் மோதி மேலே ஏறும். வங்கக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்றும் சாயங்காலத்துக்குள் உள்ளே தள்ளிக்கொண்டு வந்து அங்கே சேரும். டிவியில் வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களின் பெயரை வாசித்து "வெப்பச்சலனம் காரணமாக" என்று சொல்கிறார்களே, அந்த மேகம் பிறக்கிற இடங்களில் இந்த மலை விளிம்பும் ஒன்று.

மாடியில் நின்ற முப்பது பேரும் விமானத்தைத் தேடித் தலைக்கு மேலே பார்த்திருப்பீர்கள். பேர்ணாம்பட்டு மலைப் பக்கம் திரும்பிப் பார்த்திருந்தால் காலிஃபிளவர் மாதிரி வெள்ளையாக ஒன்று எழும்புவது தெரிந்திருக்கும். வெயிலில் அது பார்க்க அழகாகக்கூட இருந்திருக்கும். அதன் அடிவயிற்றைப் பார்த்தது உங்கள் அண்ணன் மட்டும்தான்.

அடுத்து, அவர் கணக்கு என்னவாக இருந்திருக்கும் என்று சொல்கிறேன். கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் தகுதி இல்லாத விமானி கண்ணால் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். அவர் பறக்கும் உயரத்தில் குறைந்தது 5 கிலோமீட்டர் தூரம் தெரிய வேண்டும். மேகத்திலிருந்து பக்கவாட்டில் 1,500 மீட்டர், மேலும் கீழும் 1,000 அடி விலகியிருக்க வேண்டும். இடிமேகம் என்றால் இந்தக் கணக்கெல்லாம் போதாது. 20 கடல் மைல், அதாவது 37 கிலோமீட்டர் தள்ளியே இருங்கள் என்றுதான் நாங்கள் மாணவர்களுக்குச் சொல்வோம். தங்கவயலிலிருந்து அந்த மலை விளிம்பு ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான். ஆக, உங்கள் அண்ணன் திரும்பிய இடம் மிகச் சரியான இடம்.

மேகத்துக்கு அடியில் புகுந்து வந்திருக்கலாமே என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள். மேட்டுநிலத்திலிருந்து பள்ளத்தாக்குக்கு இறங்குவது சுலபம். குடியாத்தத்துக்கு மேல் இரண்டு சுற்று சுற்றியும் விடலாம். அப்புறம் திரும்ப வேண்டுமே? அந்த மாதத்தில் மேலே அடிப்பது மேற்குக் காற்று. மேகம் அவர் பின்னாலேயே கிழக்கே நகர்ந்து, வந்த வழியை அடைத்துவிடும். முன்னால் மழை, பக்கத்தில் மலை, ஏறினால் மேகம். விமானத்தில் அப்பா வேறு.

என் சொந்த அனுபவம் ஒன்றை இங்கே எழுதுகிறேன். இதை இந்தப் பகுதியில் இதற்கு முன் எழுதியதில்லை. உங்கள் அண்ணனுக்காக எழுதத் தோன்றுகிறது.

1981 மே மாதம். எனக்கு வயது இருபத்து நாலு. சென்னையில் ஒரு ஃப்ளையிங் கிளப்பில் பறந்த மணிக்கணக்கு சேர்த்துக்கொண்டிருந்தேன். விமானம் புஷ்பக். நம் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் (எச்.ஏ.எல்.) செய்த இரண்டு இருக்கை விமானம், இறக்கைக்குத் துணி போர்த்தியிருக்கும். எங்கள் ஊர் கண்ணமங்கலத்துக்குப் பக்கத்தில். "ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நம்ம ஏரிக்கு மேலே ரெண்டு சுற்று வருவேன்" என்று நைனாவுக்கு இன்லண்டு லெட்டர் போட்டிருந்தேன். ஊரே ஏரிக்கரைக்கு வந்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள்.

காஞ்சிபுரம் வரைக்கும் வானம் கண்ணாடி மாதிரி இருந்தது. செய்யாற்றைத் தாண்டும்போது ஜவ்வாது மலை இருக்க வேண்டிய இடத்தில் மலை இல்லை. கறுப்பாக ஒரு சுவர்தான் இருந்தது. அப்போதே திரும்பியிருக்க வேண்டும். இன்னும் பத்து நிமிடம்தானே, ஊர் முழுக்க காத்திருக்கிறதே என்று போனேன். மேகம் எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. ஏரிக்கரையில் நிற்கிற கூட்டம்தான் என் கண்ணை மறைத்தது.

முதல் துளிகள் துணி இறக்கையில் விழுந்தபோது பறை அடிப்பது போலக் கேட்டது. முன்கண்ணாடியில் தண்ணீர் கீழே வழியாது, காற்று தள்ளுவதால் மேல்நோக்கி ஓடும். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கதவு இடுக்கில் தண்ணீர் புகுந்து இடது முழங்காலில் சொட்டியது. மடியில் இருந்த மேப் நனைந்து, ஆரணி என்று எழுதியிருந்த இடம் மடிப்போடு கிழிந்து வந்துவிட்டது. அடுத்த நிமிடம் விமானம் கீழே போக ஆரம்பித்தது. மூக்கைத் தூக்கி, இன்ஜினுக்கு முழு வேகம் கொடுத்தும் உயரமானியின் முள் பின்னால் சுற்றியது. அறுநூறு எழுநூறு அடி அப்படியே போயிற்று. படவேட்டு மலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியவில்லை.

திரும்பினேன். திரும்பும்போது சுற்றிலும் வெள்ளை. இறக்கை நேராக இருப்பதாக உடம்பு சொல்லியது, சாய்ந்திருப்பதாகக் கருவியின் ஊசி சொல்லியது. ஊசியை நம்பு என்று என் ஆசான் தலையில் தட்டிச் சொல்லியிருந்ததால் ஊசியை நம்பினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கீழே ஒரு கிழிசலில் இரண்டு கோடு தெரிந்தது. விழுப்புரத்திலிருந்து காட்பாடி போகும் மீட்டர் கேஜ் தண்டவாளம். அதைப் பிடித்துக்கொண்டு வடக்கே போனேன். வேலூர்க் கோட்டை அகழி தெரிந்ததும் வாய்விட்டு அழுதுவிட்டேன். அங்கிருந்து பாலாற்றைப் பிடித்துக் கிழக்கே சென்னைக்குத் திரும்பினேன்.

அடுத்த ஞாயிறு பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். நைனா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கோபமாகப் பேசவில்லை. "மேற்கே கறுத்ததுமே எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொன்னேன். எம்புள்ள படிச்சவன், இந்த மேகத்துல வரமாட்டான்னு சொன்னேன். சொல்லி வாய் மூடல, மேகத்துக்குள்ள உன் சத்தம் கேட்டுது" என்றார்.

ஊர்க்காரர்களுக்கு விமானம் தெரியவே இல்லை. சத்தம் மட்டும்தான். அதுவும் கொஞ்ச நேரத்தில் நின்றுபோயிற்று. பிள்ளை போய்விட்டானா, விழுந்துவிட்டானா என்று தெரியாமல் அம்மா ஆலங்கட்டி மழையில் ஏரிக்கரையிலேயே நின்றிருக்கிறார். ஊரில் போன் கிடையாது. எனக்குத் தந்தி கொடுக்கக்கூடத் தோன்றவில்லை. சாவகாசமாக நான் போட்ட கடிதம் வியாழக்கிழமைதான் போய்ச் சேர்ந்தது. அந்த நான்கு நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

உங்கள் அப்பாவுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். தங்கவயலுக்கு மேலே அவர் மகன் ஸ்டியரிங்கைத் திருப்பிய அந்த நேரத்தில், மாடியில் நின்ற முப்பது பேரும் அவன் மனதில் இருந்திருப்பார்கள். சிவப்புப் புடவையும் இருந்திருக்கும். வாடகைப் பணம், லீவு, அப்பாவின் ஆசை எல்லாம் இருந்திருக்கும். அவ்வளவையும் மீறித் திரும்பியிருக்கிறான். இருபத்து நாலு வயதில் என்னால் முடியாத காரியம் அது.

அண்ணனிடம் என்ன பேசுவது என்று கேட்கவில்லை நீங்கள். ஆனாலும் சொல்கிறேன். "நீ சரியாத்தான் செஞ்சே, அண்ணா" என்று ஒருமுறை வாய்திறந்து சொல்லுங்கள். வீட்டில் யாரும் இதுவரை சொல்லியிருக்க மாட்டார்கள். பிறகு, பிப்ரவரியில் ஒரு நாள் குறிக்கச் சொல்லுங்கள். மழைக்காலம் முடிந்திருக்கும், கோடை இடி தொடங்கியிருக்காது. விடிகாலையில் பாலாற்றுப் படுகையில் பனிமூட்டம் இருக்கும் என்பதால் ஒன்பது மணி வாக்கில் குடியாத்தம் வந்து சேரும்படி கிளம்பட்டும். எந்த இடம்வரை வந்து பார்ப்பது, அங்கே வானம் சரியில்லாவிட்டால் திரும்புவது என்பதைத் தரையிலேயே அப்பாவுடன் பேசி முடிவு செய்துவிடட்டும். மாடிக்குக் கூட்டம் சேர்க்காதீர்கள். நேரமும் சொல்லவேண்டாம். நீங்களும் அம்மாவும் மட்டும் நின்றால் போதும். புடவையைக் கட்டித் தொங்கவிட்டால் மேலிருந்து கயிறு மாதிரித்தான் தெரியும். தரையில் முழுதாக விரித்து, நாலு மூலைக்கும் செங்கல் வையுங்கள்.

நான் 1982 பிப்ரவரியில் ஒரு காலை ஊருக்கு மேலே இரண்டு சுற்று வந்தேன். ஏரிக்கரையில் நைனா மட்டும் நின்று துண்டை வீசினார்.

கேள்வி: பெரிய விமானங்கள் மேகத்துக்குள் தாராளமாகப் போகின்றனவே? சின்ன விமானத்திலும் அதே மாதிரிக் கருவிகள் இருக்கும்போது, உள்ளே போய் நேராகவே ஓட்டினால் மறுபக்கம் வந்துவிடலாமே?
— பொறியியல் மாணவர், ராணிப்பேட்டை

பதில்: தம்பி, நேராகவே ஓட்டுகிறோம் என்று யார் சொல்வது? கண் சொல்ல வேண்டும். மேகத்துக்குள் கண்ணுக்கு வேலை இல்லை. மிச்சம் இருப்பது காதுதான். உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள், அவற்றில் திரவம். தலை திரும்பினால் திரவம் பின்தங்கும், அந்த அசைவை மூளை படித்துக்கொள்ளும். ஆனால் ஒரே சீராக இருபது விநாடி போல் திரும்பிக்கொண்டே இருந்தால் திரவமும் குழாயோடு சேர்ந்து ஓட ஆரம்பித்துவிடும். திரும்புகிற உணர்வே நின்றுபோகும். அந்த நேரத்தில் விமானத்தை நேராக்கினால் எதிர்ப்பக்கம் சாய்வதுபோல் தோன்றும். உடனே பழைய பக்கத்துக்கே சாய்த்துவிடுவோம். உயரம் குறையும், மூக்கைத் தூக்குவோம், சுற்று இன்னும் இறுகும்.

1954-ல் அமெரிக்காவில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கருவிப் பயிற்சி இல்லாத இருபது பேரை மேகத்துக்குள் இருப்பதுபோல் ஓட்ட வைத்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 விநாடி. மூன்று நிமிடம்கூட இல்லை.

கருவி இருப்பது வேறு, உடம்பு கத்தும்போது கருவியை நம்பப் பழகுவது வேறு. ஏர்லைன்ஸ் விமானிகள் அதற்கென்று தனித் தகுதி பெற்றவர்கள். அடிக்கடி பரீட்சை உண்டு. அவர்களும் இடிமேகத்தை ரேடாரில் பார்த்துச் சுற்றிக்கொண்டுதான் போவார்கள்.

தேர்ந்தவர்களுக்கும் இது நேரும் என்பதை நம் மாநிலத்திலேயே பார்த்தோம். 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் பக்கத்தில் ஜெனரல் பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் விழுந்தது. வானிலை எதிர்பாராமல் மாறி, மேகத்துக்குள் நுழைய நேர்ந்து, விமானிக்குத் திசை உணர்வு குழம்பியதே காரணம் என்று முப்படை விசாரணையில் சொன்னார்கள். அவ்வளவு பயிற்சி பெற்றவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆசைக்குப் பறக்கிறவர் மேகத்தைக் கண்டு திரும்புவதை யாராவது பயம் என்று சொன்னால் எனக்குப் பொறுக்காது.

கேள்வி: மழை இல்லாத நல்ல வெயில் நாளில் பறப்பதுதானே பாதுகாப்பு? நம் வேலூர் வெயிலைவிடத் தெளிந்த வானம் எங்கே இருக்கிறது?
— ஒரு வாசகர், காட்பாடி

பதில்: தெளிந்த வானம் சரி. ஆனால் வெயிலுக்கும் ஒரு கணக்கு உண்டு. வேலூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 அடி உயரம். கத்திரியில் 40 டிகிரி அடிக்கும்போது காற்று விரிந்து அடர்த்தி குறைந்துவிடும். இன்ஜினுக்கும் இறக்கைக்கும் அது ஏறக்குறைய 3,800 அடி உயரத்துக் காற்று மாதிரி. ஏலகிரியில் மலைமேல் ஊர் இருக்கிற இடமே சுமார் 3,600 அடிதான். அதாவது அப்துல்லாபுரம் ஓடுபாதையில் நிற்கிற விமானம், ஏலகிரிக்கு மேலே நின்றுகொண்டு கிளம்புவதாக நினைத்துக்கொள்ளும். நீண்ட தூரம் ஓடித்தான் எழும்பும், மெதுவாகத்தான் ஏறும். நான்கு பேரை ஏற்றி, டேங்க் நிறையப் பெட்ரோலும் போட்டால் எதிரே இருக்கும் மலையைத் தாண்டுமா என்று பேப்பரில் போட்டுப் பார்க்காமல் கிளம்பக்கூடாது. மே மாதம் என்றால் காலை ஏழு மணிக்குக் கிளம்பி ஒன்பதுக்குள் இறங்கிவிடுங்கள் என்பேன்.

கேள்வி: பொழுதுபோக்காகப் பறக்க லைசென்ஸ் எடுக்க என்ன படித்திருக்க வேண்டும்?
— வாணியம்பாடி வாசகி

பதில்: பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். வயது 17 ஆகியிருக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனை, எழுத்துத் தேர்வு, ரேடியோ பேசுவதற்குத் தனி லைசென்ஸ், குறைந்தது 40 மணி நேரம் பறந்த கணக்கு. இந்த லைசென்ஸை வைத்து வாடகைக்கு ஆள் ஏற்றக்கூடாது, சொந்த பந்தத்தை அழைத்துப் போகலாம். வானிலைப் பாடத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து விட்டுவிடாதீர்கள். எனக்கு மாணவர்களோடு சண்டை வந்ததெல்லாம் அந்தப் பாடத்தில்தான்.

கேள்வி: தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை என்பார்கள். விமானம் ஓட்டுகிறவர்கள் எதைப் பார்த்துச் சொல்வீர்கள்?
— விவசாயி, போளூர்

பதில்: அண்ணே, நீங்கள் பார்ப்பதைத்தான் நாங்களும் பார்க்கிறோம். மேகத்தின் விளிம்பு பஞ்சு மாதிரிக் கலைந்து இருந்தால் அதற்கு வலு இல்லை. காலிஃபிளவர் மாதிரி விளிம்பு கெட்டியாக, பார்க்கப் பார்க்க மேலே எழும்பினால் அது வளர்கிற மேகம். உச்சி தட்டையாகி, கொல்லன் பட்டறைக் கல் மாதிரி ஒரு பக்கம் நீண்டுவிட்டால் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

அப்புறம், புழுக்கமாகக் காற்றே இல்லாமல் இருந்து, திடீரென்று மண்வாசனையோடு சில்லென்று ஒரு காற்று அடிக்குமே, அதை நாங்கள் ரொம்பக் கவனிப்போம். மழையோடு சேர்ந்து மேகத்திலிருந்து கீழே கொட்டுகிற குளிர்ந்த காற்று அது. தரையில் மோதி நாலாபக்கமும் பரவி, மழைக்குச் சில நிமிடம் முன்னால் வந்து சேரும். தூரத்து மேகத்திலிருந்துகூட வரும். இறங்கப்போகிற விமானத்தை அது புரட்டிவிடும். எங்கள் கிளப்பில் அந்தக் காற்றின் முதல் மூச்சு பட்டதுமே ஓடிப்போய் விமானங்களின் இறக்கையைக் கயிறு போட்டுத் தரையில் கட்டுவோம். அதே நேரத்தில் ஊரில் நைனா களத்து வேர்க்கடலையை மூட சாக்கு எடுத்துக்கொண்டு ஓடியிருப்பார்.